முந்திரிக்கொட்டை

பாட்டில் மேல் ஒட்டிய சீட்டில்
பச்சைவாழி, வயது முப்பத்து நான்கு, காடாம்புலியூர்.
ஃபார்மலினில் கிடந்தது
அவள் நெஞ்செலும்பின் மேலிருந்து வெட்டியெடுத்த தழும்பு.
அமுக்கினால் ரப்பர்.
பிளேடுக்கு அடங்காமல் இரண்டு முறை வழுக்கியது.

கோரிமேட்டில் பதினொரு வருடமாக
சதையை மெழுகில் புதைத்துச் சீவுகிறேன்.
மயிரிழையில் பத்தில் ஒரு பங்குகூட வராத சீவல்.
யார் சதை என்று கேட்கிற வழக்கமில்லை.
இவள்தான் ரிப்போர்ட் வாங்க வந்த இடத்தில்
கம்பிச் சன்னலுக்குள் முகத்தை நுழைத்துக் கேட்டாள்:
"புண்ணு ஆறிடுச்சின்னு
அதுங்களுக்கு யாருமே சொல்லலியா மேடம்?"

அதுங்களுக்கு.

வறுக்கிற டிரம்மிலிருந்து ஓட்டெண்ணெய் தெறித்தது
மூன்று பங்குனிக்கு முன்னால்.
கொட்டை உடைக்கிற ஊரில் அதெல்லாம் ஒரு சேதியா.
துணியால் துடைத்துவிட்டு
அன்றைக்குக் கூலிக்கு மிச்சத்தையும் உடைத்திருப்பாள்.

தோலுக்கடியில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.
முதலில் விழுங்குகிறவை,
கோபத்தோடு வந்து கருகினதையெல்லாம் தின்றுவிட்டு,
வயிறு நிறைந்ததும் குணம் மாறி
கட்டுகிறவர்களுக்கு ஆள் அனுப்பின.
நார் நெய்கிற செல்கள் வந்தன.
அவற்றில் சில தசையின் பலத்தை வரவழைத்துக்கொண்டு
புண்ணின் இரு கரையையும் பிடித்து
இழுத்தன.
வாய் மூடியது.

அத்தோடு போய்விட வேண்டும்.
போவதென்றால் வேறு ஊருக்கில்லை.
தன்னையே துண்டு துண்டாக மடித்துக்கொண்டு
பக்கத்துச் செல்லுக்கும் தெரியாமல்
செத்துப்போவது.
அதுவும் வேலையில் சேர்த்திதான்.

இங்கே போகவில்லை.
இழுத்த இழுப்பில் நார் விறைத்தது.
நாருக்குள் பூட்டிக் கிடந்த சேதி
விறைப்பில் பூட்டுத் தெறித்து வெளியே வந்தது.
சேதி ஒரே சொல்: இழு.
ஆணையிட்டவர் எவரும் இல்லை,
இவற்றின் கைவேகமே இவற்றுக்கு மேஸ்திரி.

நெஞ்சுக்குழி வேறு, மூச்சு விட்டாலே இழுபடும் இடம்.

தானே புயலுக்கு அப்புறம்
எங்கள் கலியமூர்த்தி அண்ணன்
கூரைத் தகரத்தைக் கம்பி போட்டுக் கட்டினான்.
அடுத்த வருடம் இன்னொரு கம்பி.
காற்றே வராத வருடத்திலும் ஒன்று.
ஏழாவது வருடம் கம்பி இழுத்து
மேற்குச் சுவர் விரிந்தது.
விரிசலைப் பார்த்து அவன் சொன்னான்,
"பாத்தியா, கட்டினது பத்தல."

பழத்துக்கு வெளியே வந்து தொங்குகிற கொட்டை போல
பட்ட இடத்தின் எல்லை தாண்டி வளர்ந்திருந்தது தழும்பு.
அவசரக்காரர்களை எங்கள் பக்கம்
முந்திரிக்கொட்டை என்றுதான் வைவோம்.
லென்ஸில் பார்த்தேன்:
ரோஸ் நிறத்தில் தடித்த வடங்கள்,
நடுநடுவே ஊதாப் புள்ளிகள்.
முந்திக்கொண்டு வந்தவை இல்லை இவை.
எழுந்து போகத் தெரியாதவை.

அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை.
மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்றேன்,
தழும்புக்குள்ளேயே போடுவார்கள், வலிக்கும்,
வெட்டினாலும் திரும்ப வரலாம்.
"திங்கக்கெழமன்னா லீவு தரமாட்டான்" என்றாள்.

கையெழுத்துப் போட நீட்டிய விரல்களைப் பார்த்தேன்.
கறுத்து, தோலுரிந்து,
எண்ணெய் தின்ற இடம் ஒவ்வொரு கணுவிலும்.
எண்ண ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டேன்.
ஒன்றுகூட மேடாகவில்லை.
வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல்
அந்த விரல்களை மூடிக் கொடுத்துவிட்டு
எத்தனை லட்சம் போயிருக்கும்.
அவற்றில் எதுவும் என் கத்திக்கு வந்ததில்லை.

"ஊசிக்கு நடுவுல நான் எதுனா செய்யணுமா?"
"அந்த எடத்த இழுக்காம பாத்துக்குங்க."

கொஞ்சம் யோசித்தாள்.
நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டியிருந்த பையைக் கழற்றி
கையில் பிடித்துக்கொண்டு
பண்ருட்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள்.